நாலடி டேங்க்ல பிச்சிர்: கூட எந்த மீன் போடலாம்?

வேளச்சேரி | 7 ஏப்ரல் 2024

டேங்க் 4 × 1.5 × 1.5 அடி. உள்ளே 6 டைகர் பார்ப், காலணா சைஸ்ல 2 ஏஞ்சல், ஒரு டஜன் கப்பி, ஆறு இன்ச்ல ஒரு சக்கர் (கண்ணாடியில வாயால ஒட்டிக்கிற மீன்). கொளத்தூர்ல "டைனோசர் மீன்"னு மூணு இன்ச் பிச்சிர் விக்கிறாங்க, ரகம் செனகல். ரெண்டு எடுக்கலாம்னு இருக்கேன். "சாதுவான மீன், எது கூட வேணா விடலாம், சாகவே சாகாது"ன்னு கடையில சொல்றாங்க. சரியா? டேங்குக்கு மூடி கிடையாது, மேல லைட் மட்டும்தான்.

பெரம்பூர் | 7 ஏப்ரல் 2024, இரவு

கடையில சொன்ன மூணுல முதலாவது பாதி உண்மை. ரெண்டாவது தப்பு. மூணாவதை நம்பினா மத்த மீனெல்லாம் போயிடும்.

சாதுதான். வாயில நுழையாத மீனைத் தேடிப் போய் அடிக்கிற குணம் அதுக்கு இல்ல. ஆனா வாயில நுழையுறது எதுவா இருந்தாலும் தீனிதான். கண் பார்வை ரொம்பக் கம்மி, மோப்பம் அபாரம். லைட் அணைஞ்சதும் தரையை முகர்ந்துக்கிட்டே ஊர்ந்து வரும். தூங்குற கப்பி மூக்குல பட்டா அடுத்த நொடி உள்ளே போயிடும். காலணா சைஸ் ஏஞ்சலும் அப்படித்தான், ராத்திரி அசையாம நிக்கிற மீன் அது.

டைகர் பார்ப் விஷயம் தலைகீழ். இப்போதைக்கு ஆபத்து பிச்சிருக்குத்தான். மூணு இன்ச் குட்டிக்கு தலைக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இறகு மாதிரி வெளிச்செவுள் நீட்டிக்கிட்டு இருக்கும், வளர வளர உள்வாங்கிடும். டைகர் பார்ப் அதைப் பிச்சுத் திங்கும். முதுகுல வரிசையா நிக்கிற குட்டித் துடுப்புகளையும் விடாது. ஒரு வருஷம் கழிச்சு பிச்சிர் ஏழெட்டு இன்ச் ஆனதும் அதே பார்ப் அதுக்கு ஒரு வாய் தீனி. எப்படிப் பார்த்தாலும் இந்த ஜோடி சரிவராது.

சக்கர் மீனை முதல்ல டேங்க்லேர்ந்து எடுங்க. காரணம் நாளைக்கு எழுதறேன், அது தனியா சொல்ல வேண்டிய விஷயம்.

"சாகாது"ங்கிறது பத்தி: பிச்சிருக்கு உண்மையான நுரையீரல் உண்டு, மேல வந்து காத்தை இழுத்துக்கும். உடம்பு முழுக்க எனாமல் மாதிரி பளபளப்பான கெட்டிச் செதில். அதனால தண்ணி கெட்டுப்போனா கடைசியா சாகுற மீன் அது. பிச்சிர் தெம்பா இருக்குன்னு தண்ணி நல்லா இருக்குன்னு எடுத்துக்கக் கூடாது. இந்த உரையாடல் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போறது இதைத்தான்.

மீன் வாங்கறதுக்கு முன்னாடி மூடி போடுங்க.

பெரம்பூர் | 8 ஏப்ரல் 2024

சக்கர். ராத்திரி பிச்சிர் தரையில அசையாம கிடக்கும். சக்கருக்கு வேணுங்கிறது அப்படி ஒரு பரப்புதான். மேல ஒட்டிக்கிட்டு வழவழப்புத் தோலை உறிஞ்சும். செதில் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் அதுக்கு மேல இருக்கிற சளிப் படலம் மெல்லிசு. அது போன இடத்துல வட்டமா சிவந்து புண்ணாகும், அடுத்து பாக்டீரியா, பூஞ்சை. கடையில வாங்கின புதுசுல, பசியோட இருக்கிற பெரிய சக்கர்தான் இதை அதிகமா செய்யும். "சக்கர் குப்பையைத் தின்னும்"ங்கிறதும் பாதிக் கதை. பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அதுக்கு மேல கழிவு போடும்.

எடுத்ததை ஏரியிலயோ அடையாறுலயோ விடாதீங்க. தமிழ்நாட்டு ஏரி குளத்துல ஏற்கனவே பரவி வலையைக் கிழிச்சுக்கிட்டு இருக்கு. கடைக்கே திருப்பிக் குடுத்துடுங்க.

அடையார் | 8 ஏப்ரல் 2024

பல பேர் வீட்டுல சக்கரும் பிச்சிரும் வருஷக்கணக்கா ஒண்ணா இருக்கே? எல்லா சக்கரும் ஒட்டாது.

பெரம்பூர் | 8 ஏப்ரல் 2024

எல்லாம் ஒட்டாது, உண்மை. குட்டியிலேர்ந்து ஒண்ணா வளர்ந்து, வயிறு நிறைஞ்ச சக்கர் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஒட்டுற சக்கரா இல்லையான்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்ல. அது நடக்குறது லைட் அணைஞ்ச பிறகு, நமக்குத் தெரியறது புண் வந்த பிறகு. பாசியைச் சுரண்டித் தின்னுற பிரிசில்நோஸ் சக்கர் வகை பெரும்பாலும் அஞ்சு இன்ச்சைத் தாண்டாது, ஒட்டுறதும் அரிது. ஆனா பிச்சிர் பெருசானா அதையே முழுங்கப் பார்க்கும், முள் விரிச்சா தொண்டையில சிக்கும். அதனால நாலடி டேங்க்ல அதுவும் வேண்டாம்ங்கிறதுதான் என் முடிவு.

பெரம்பூர் | 10 ஏப்ரல் 2024

மூடி. மீன் வெளியே விழுந்து சாகுறது பிச்சிர் சாவுக்கு ஒரு பெரிய காரணம். குதிக்கிற மீன் இல்ல இது, நெளிஞ்சு ஏறுற மீன். ஃபில்டர் பைப்பு மேல உடம்பைச் சுத்தி மூக்கால முட்டிப் பார்க்கும். தலை நுழையுற சந்துல முழு உடம்பும் வந்துடும்.

செய்முறை: 4 மி.மீ. கண்ணாடியில ரெண்டு துண்டு. நாலடிக்கு ஒரே துண்டுன்னா தூக்கறப்போ உடையும். கேனிஸ்டர் (டேங்குக்கு வெளியே நிக்கிற மூடின ஃபில்டர்) குழாய் வர்ற மூலையில மட்டும் வெட்டு, மிச்ச சந்தை கரடுமுரடான ஃபில்டர் ஸ்பான்ஜால இறுக்கி அடைங்க. வயர் போற ஓட்டையையும் விடாதீங்க. மூணு இன்ச் குட்டி தப்பிக்க ஒரு விரல் அகல சந்து போதும். மூடி மேல ஏதாவது வெயிட் வைங்க, பெரிய பிச்சிர் மூடியை முட்டித் தள்ளும்.

தண்ணியை விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு இன்ச் காத்து வேணும். மேல வந்து மூச்சு விட இடம் இல்லேன்னா இந்த மீன் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகலாம்.

வெளியே விழுந்து தூசி ஒட்டிக் காஞ்சு கிடந்தாலும் செத்ததுன்னு உடனே குப்பையில போடாதீங்க. அதே டேங்க் தண்ணியை ஒரு டப்புல நாலு இன்ச் ஊத்தி, அதுல விட்டு, ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடற கல்) போட்டு சில மணி நேரம் பாருங்க. நிறைய தடவை பொழைச்சுக்கும். தூசியைத் தேய்ச்சு எடுக்காதீங்க, தானா கழண்டுடும்.

வேளச்சேரி | 13 ஏப்ரல் 2024

பார்ப், கப்பி, சக்கர் எல்லாம் குடுத்தாச்சு. ஏஞ்சல் ரெண்டும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுச்சு. மூடி அடிச்சாச்சு. இப்போ எந்த மீன்? ஆஸ்கர் பிடிக்கும். டெனிசன் பார்ப் இன்னும் பிடிக்கும்.

பெரம்பூர் | 14 ஏப்ரல் 2024

முதல்ல தண்ணிக் கணக்கு. 4 × 1.5 × 1.5 அடின்னா 9 கன அடி, 255 லிட்டர். மேல ரெண்டரை இன்ச் காலி, கீழ மணல் போனா நிஜத்துல இருக்கிறது சுமார் 215 லிட்டர். மருந்து, உப்பு, ஹைப்போ (குளோரினை எடுக்கிற படிகம்) எல்லாத்துக்கும் 215தான் கணக்கு.

செனகல் வீட்டு டேங்க்ல 12 இன்ச் வரைக்கும், சிலது அதுக்கு மேலயும் போகும். பத்து வருஷத்துக்கு மேல வாழும். நாலடிக்கு ரெண்டு சரி, மூணாவது வேண்டாம். கடையில பக்கத்துத் தொட்டியில எண்ட்லிச்சரி, ஆர்னேட்டுன்னு வேற பிச்சிர் ரகம் அழகா இருக்கும், அதையெல்லாம் பார்த்து மயங்காதீங்க. எண்ட்லிச்சரி ரெண்டு அடியைத் தாண்டுற இனம், ஆர்னேட் ரெண்டு அடிக்குக் கிட்ட. ரெண்டுக்கும் ஆறடி நீளம், ரெண்டு அடிக்கு மேல அகலம் இல்லாம ஆரம்பிக்கவே கூடாது. பிச்சிர் டேங்க்ல உயரத்தை விட அகலம்தான் முக்கியம், திரும்பறதுக்கு.

கூட்டாளி மீன் தேர்ந்தெடுக்க மூணே கேள்வி கேளுங்க. பிச்சிர் வாயில நுழையுமா? பிச்சிரைக் கொத்துமா? பிச்சிர் வாய்க்குத் தீனி போக விடுமா? மூணாவதைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க.

ஆஸ்கர் முதல் ரெண்டுலயும் தப்பிக்கும், மூணாவதுல மாட்டும். போட்ட எறாலை பிச்சிர் மோந்து கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆஸ்கர் நாலையும் முழுங்கியிருக்கும். அதோட ஒரு அடி வளர்ற மீன், கழிவும் ஏராளம். ஆறடி டேங்க்னா பிச்சிரோட நல்ல ஜோடி, நாலடியில இல்ல.

டெனிசன் பார்ப் அளவுல பொருந்தும், குணத்துலயும் பொருந்தும். பொருந்தாதது சென்னை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில குளிர்ந்து ஓடுற தண்ணியில வாழுற மீன் அது, 25 டிகிரிக்குக் கீழே இருந்தா சந்தோஷம். மே மாசம் நம்ம டேங்க் 31, 32 போகும். முதல்ல போறது அதுதான். காட்டுலயும் அருகிவர்ற இனம், வெயில்ல வாங்கிச் சாகடிக்க வேண்டாம்.

உங்க டேங்குக்கு நான் சொல்றது: போஸ்மணி ரெயின்போ 6. நாலு இன்ச் வளரும், உடம்பு உயரமா இருக்கும், நடுத் தண்ணியில வேகமா நீந்தும், கடினத் தண்ணியும் 7.5, 8 பிஎச்சும் அதுக்குப் பிடிச்ச சூழல். கடையில ஒண்ணரை இன்ச்ல விப்பாங்க. குட்டி பிச்சிரோட இப்பவே சேர்ந்து வளர்ந்தா பிரச்னை இல்ல. பிச்சிர் எட்டு இன்ச் ஆன பிறகு அந்த சைஸ் ரெயின்போ வாங்கிப் போடாதீங்க. மேல் தண்ணிக்கு மூணு பேர்ல் கௌராமி. அவ்வளவுதான், நிறுத்திக்குங்க.

ரெயின்போ இன்னொரு காரணத்துக்காகவும் வேணும். பிச்சிர் காத்தை இழுத்துக்கும், கௌராமியும் இழுத்துக்கும். தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா அந்த ரெண்டும் காட்டிக் குடுக்காது. காலையில ரெயின்போ மேல வந்து வாயைப் பிளந்து நிக்குதான்னு பாருங்க, அதுதான் உங்க மீட்டர்.

தாம்பரம் | 14 ஏப்ரல் 2024

ஃப்ளவர்ஹார்ன்? அரோவானா? கோரி?

பெரம்பூர் | 14 ஏப்ரல் 2024

ஃப்ளவர்ஹார்ன் எதோடவும் கூடாது, பிச்சிர் கண்ணையே கொத்திடும். அரோவானாவும் பிச்சிரும் நல்ல சேர்க்கை, ஒண்ணு மேலே ஒண்ணு கீழே, ஆனா அது எட்டடிக் கதை. கோரி கூடவே கூடாது. துடுப்பு முள்ளை விரிச்சுப் பூட்டிக்கும், பிச்சிர் தொண்டையில குறுக்கே நின்னு ரெண்டும் சாகும். பிச்சிர் மாதிரியே ஆப்பிரிக்காவுலேர்ந்து வர்ற சினோடான்டிஸ் கெளுத்திக்கும் அதே முள்தான். ஒரே கண்டத்து மீன்ங்கிறதால ஒரே தொட்டியில ஒத்துப்போகும்னு அர்த்தம் இல்ல. மலாவி சிக்லிட் வேண்டாம், தரை முழுக்க தன் எல்லைன்னு துரத்தும்.

பெரம்பூர் | 17 ஏப்ரல் 2024

மணல் பத்தி தனிச் செய்தியில கேட்டாங்க, இங்கேயே சொல்றேன். எம்-சாண்ட் போடாதீங்க. அது உடைச்ச கல்லு, ஓரம் கூர்மை, வயித்தைத் தேய்ச்சு ஊர்ற மீனுக்கு ஆகாது, பொடியும் நாள் கணக்கா கலங்கும். ஆத்து மணல் கிடைச்சா சலிச்சு, தண்ணி தெளியுற வரைக்கும் அலசி, ஒண்ணு ஒண்ணரை செ.மீ. போதும். தடிமனா போட்டா அடியில அழுகும். பெசன்ட் நகர் கடல் மணல் வேண்டாம், உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். சந்தேகம்னா ஒரு ஸ்பூன் மணல்ல வினிகர் விடுங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. கலர் ஜல்லி, குறிப்பா விரல் நுனி சைஸ், எறாலோட சேர்த்து முழுங்கிடும், குடல் அடைச்சுக்கும்.

ஒளிய இடம்: மூணு இன்ச் பிவிசி பைப்பு ஒரு அடி நீளத்துக்கு குறைஞ்சது ரெண்டு. வெட்டின ஓரத்தை உப்புத்தாள் வெச்சு மழுக்கணும். ரெண்டு பிச்சிருக்கு மூணு பைப்பு இருந்தா சண்டை குறையும்.

வேளச்சேரி | 28 ஏப்ரல் 2024

பிச்சிர் ரெண்டும் வந்தாச்சு. தனி டப்புல விட்டிருக்கேன், 60 லிட்டர். மூணு நாளா ஒண்ணும் திங்கல. ஒண்ணு அடிக்கடி பைப்புல உரசுது. தலை மேல ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டை இருக்கு, புண்ணா?

பெரம்பூர் | 28 ஏப்ரல் 2024

ஓட்டை புண்ணு இல்ல. மூச்சு விடற வழி. மேல வந்து தலையோட உச்சியை மட்டும் தண்ணிக்கு வெளியே காட்டி, அந்த ரெண்டு துவாரம் வழியா காத்தை உள்ளே இழுக்கும். 2014ல வந்த ஆய்வு ஒண்ணு, பிச்சிர் காத்து மூச்சுல பெரும்பங்கு வாய் வழியா இல்ல, இந்தத் துவாரம் வழியாத்தான்னு படம் பிடிச்சுக் காட்டுச்சு. நமக்கு அதுல பாடம் உண்டு: தண்ணி மேல எண்ணெய்ப் படலம் நிக்க விடாதீங்க. ஃபில்டர் வெளிக்குழாயை மேல்மட்டம் லேசா அலையற மாதிரி திருப்பி வைங்க.

மூணு நாள் திங்காதது சாதாரணம். ஒரு வாரம் வரைக்கும் கவலை வேண்டாம்.

உரசறதுதான் கவனிக்கணும். டார்ச் அடிச்சு லென்ஸ் வெச்சுப் பாருங்க. உடம்பு மேல மெல்லிசா, வெள்ளையா, மயிரிழைத் துண்டு மாதிரி நெளிஞ்சா அது பிச்சிருக்குன்னே இருக்கிற தட்டைப்புழு, மேக்ரோகைரோடாக்டிலஸ். கொக்கியால தோலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். முட்டை வைக்காது, குட்டி போடும், அதனால ரெண்டே வாரத்துல மளமளன்னு பெருகும். மருந்து பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மி.கி. உங்க 60 லிட்டருக்கு 150 மி.கி., 600 மி.கி. மாத்திரையில கால் பங்கு. பொடிச்சு, வெதுவெதுப்பான தண்ணியில பாட்டில்ல போட்டு நல்லா குலுக்கி ஊத்துங்க, சுலபமா கரையாது. ஏர் ஸ்டோன் ஓடணும், ஃபில்டர்ல கார்பன் இருக்கக் கூடாது. ஒரு நாள் கழிச்சு பாதித் தண்ணி மாத்துங்க, ஆறேழு நாள்ல இன்னொரு தடவை.

நாய்க்குக் குடுக்கற பூச்சி மாத்திரையில இதோட வேற மருந்தும் கலந்திருக்கும், அதை எடுக்காதீங்க. தாமிரம் கலந்த மருந்தும் பிச்சிருக்கு வேண்டாம்.

அடையார் | 29 ஏப்ரல் 2024

இன்னொண்ணு சேர்த்துக்கங்க. குட்டி டப்புல ஃபில்டர் முதிர்ந்திருக்காது, அதாவது கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது. தினம் கால்வாசித் தண்ணி மாத்தணும். பிச்சிர் ஒண்ணும் ஆகாத மாதிரி கிடக்கும், உள்ளே அம்மோனியா ஏறிக்கிட்டே இருக்கும்.

பெரம்பூர் | 29 ஏப்ரல் 2024

சரியான சேர்க்கை. அதுக்கு எண் குடுக்கறேன், ஏன்னா சென்னையில இது ரெட்டை அடி. டெஸ்ட் கிட்டுல வர்ற அம்மோனியா முழுக்க விஷம் இல்ல. அதுல அயனியாகாத பங்குதான் செவுளை எரிக்கும். 25 டிகிரி, 7 பிஎச்ல அந்தப் பங்கு 0.6 சதவீதம் கூட இல்ல. நம்ம மே மாசத்து 31 டிகிரி, போர் தண்ணியோட 8 பிஎச்ல கிட்டத்தட்ட 8 சதவீதம். அதே அளவு அம்மோனியா பதிமூணு பதினாலு மடங்கு வேகமா வேலை செய்யும். குளிர் ஊர்க்காரங்க எழுதின "0.5 இருந்தா பரவாயில்லை"யை இங்கே எடுத்துக்காதீங்க.

பெரம்பூர் | 6 மே 2024

வெயில் ஏறிடுச்சு, மூடி பத்தி ஏப்ரல் 10 குறிப்புக்கு ஒரு மாற்று சொல்லணும். கண்ணாடி மூடி போட்டா சூடு உள்ளேயே நிக்கும். ஃபேன் வெச்சு குளிர்விக்கணும்னா மேல திறந்திருக்கணும். பிச்சிருக்குத் திறக்கவும் கூடாது.

வழி: கொசுவலை ஜன்னல் அடிக்கிற கடையில அலுமினிய ஃப்ரேம்ல ஸ்டீல் வலை போட்டு, டேங்க் மேல உக்கார்ற அளவுக்கு ரெண்டு பலகை அடிச்சு வாங்குங்க. நைலான் வலை வேண்டாம், முட்டி முட்டித் தொய்ஞ்சு ஓரத்துல வழி விடும். பாதி டேங்குக்கு கண்ணாடி, பாதிக்கு வலை. வலை இருக்கிற பக்கம் சின்ன ஃபேன், தண்ணி மேல சாய்வா அடிக்கணும்.

எவ்வளவு குறையும்? ரெண்டு மூணு டிகிரி. நம்ம ஊர் காத்துல ஈரம் அதிகம்ங்கிறதால அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. கடல் காத்து வந்த பிறகு சாயங்காலம் ஃபேனால குறையுறது இன்னும் கம்மிதான். ஐஸ் பாட்டில் போடாதீங்க, மத்தியானம் 27, ராத்திரி 32ன்னு ஆடினா அதுதான் மீனை நோயில தள்ளும். 30ல நிலையா இருந்தா பிச்சிர் தாங்கும், ரெயின்போவும் தாங்கும், ஏர் பம்ப் ஓடணும். 25 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 8.2 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 32ல 7.3தான்.

ஃபேன் ஓடினா தண்ணி வத்தும். வத்தினது தண்ணி மட்டும்தான், உப்பு டேங்க்லயே நிக்கும். அதை போர் தண்ணியால நிரப்பினா வாரா வாரம் டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) ஏறும். வத்தின அளவுக்கு ஆர்ஓ தண்ணி, வாராந்திர 30 சதவீத மாத்தலுக்கு வழக்கமான தண்ணி.

வேளச்சேரி | 7 மே 2024

வழக்கமான தண்ணின்னா எது? எங்களுக்கு ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், ஒரு வாரம் லாரி, நடுவுல போர்.

பெரம்பூர் | 7 மே 2024

அதுதான் சென்னையோட நிஜப் பிரச்னை. பிச்சிர் மென்மையான தண்ணியிலயும் இருக்கும், கடினத் தண்ணியிலயும் இருக்கும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் திடீர்னு மாறினா கூட இருக்கிற மீன் தாங்காது. தென்சென்னைக்கு நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்புத் தண்ணி கலந்து வர்றப்போ டிடிஎஸ் குறைவா இருக்கும், லாரித் தண்ணி எந்தக் கிணத்துல எடுத்தாங்களோ அதோட அளவு. ஒரு டிடிஎஸ் பேனா வாங்குங்க. வர்ற தண்ணிக்கும் டேங்குக்கும் 150, 200க்கு மேல வித்தியாசம்னா அந்த வாரம் 30க்குப் பதிலா 10, 10ன்னு மூணு நாள்ல மாத்துங்க.

குழாய்த் தண்ணிக்கு ஹைப்போ. 100 லிட்டருக்கு ஒண்ணரை கிராம் படிகம் போதும், 2 பிபிஎம் குளோரினை முழுசா எடுக்கும். போர் தண்ணின்னா ஒரு டிரம்ல ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு வைங்க, இரும்பு இருந்தா பழுப்பா அடியில படியும், மேல் தண்ணியை எடுங்க.

பெரம்பூர் | 19 மே 2024

தீனி. மீன் மார்க்கெட்டே போதும், விலை உசந்த டப்பா தேவையில்லை. எறால் ஓடு உரிச்சு, முதுகு நரம்பு எடுத்து, மீனோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற அகலத்துக்கு நறுக்கணும். கடம்பா துண்டு, கொடுவா துண்டு, ஜிலேபி மீன் சதை, மண்புழு. வாங்கினதும் ஃப்ரீசர்ல ஒரு வாரம் வெச்சுட்டு எடுத்தா ஒட்டுண்ணி பயம் குறையும்.

நெத்திலி மட்டுமே போடறது தப்பு. அதுல வைட்டமின் பி1ஐ அழிக்கிற நொதி இருக்கு, எறால்லயும் உண்டு. மாசக்கணக்கா ஒண்ணையே குடுத்தா மீன் தள்ளாடும், புரளும். கோல்டுஃபிஷ் குட்டியை உயிரோட போடறதும் இதே காரணத்தால வேண்டாம், அதோட கடை நோயெல்லாம் சேர்ந்து வரும். மாட்டு இதயம் வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் சரியா செரிக்காது. அடியில மூழ்குற மாமிச பெல்லட் வாரத்துல பாதி நாளாவது இருக்கணும். பழக்கறது எப்படின்னா, ரெண்டு நாள் பட்டினி போட்டு, எறால் அலசின தண்ணியில பெல்லட்டை ஊற வெச்சுப் போடுங்க.

குட்டிக்கு தினம் ஒரு வேளை. ஆறு இன்ச் தாண்டினா ஒரு நாள் விட்டு ஒரு நாள், பெருசானா வாரம் மூணு தடவை. வயிறு லேசா உருண்டா போதும்.

போடற முறைதான் கூட்டு டேங்க்ல முக்கியம். லைட் அணைச்சு அரை மணி ஆகட்டும். ரெயின்போவுக்கு ஒரு ஓரத்துல மிதக்கிற தீனி போடுங்க. அது அங்கே கூடினதும் மறு ஓரத்துல அரை இன்ச் பைப்பைத் தரை வரைக்கும் இறக்கி, எறாலை அது வழியா பிச்சிர் மூக்குக்கு முன்னாடி விடுங்க. ரெண்டு பிச்சிருக்கு ஒரு அடி இடைவெளி விட்டு ரெண்டு இடம். ஒரே இடத்துல போட்டா ஒண்ணோட கைத்துடுப்பை இன்னொண்ணு கடிக்கும். கண் தெரியாததால வர்ற விபத்து, கோபம் இல்ல. துடுப்பு முழுசா திரும்ப வளரும், தண்ணி சுத்தமா இருந்தா மருந்து கூட வேண்டாம். ரெண்டு மணி நேரத்துல மிச்சத்தை எடுத்துடுங்க, 31 டிகிரியில எறால் விடியறதுக்குள்ள அழுகும்.

வேளச்சேரி | 14 அக்டோபர் 2024

வெள்ள பயத்துல மேம்பாலம் பூரா கார் நிறுத்தி வெச்சாச்சு, கனமழைக்கு ரெட் அலர்ட். கரண்ட் எப்போ வேணா போகும். டேங்குக்கு என்ன செய்யணும்? இப்போ பிச்சிர் ஆறு இன்ச், ரெயின்போ மூணு இன்ச்.

பெரம்பூர் | 14 அக்டோபர் 2024

இப்பவே செய்யுங்க. இன்னைக்கு தீனி நிறுத்துங்க, கரண்ட் வந்து ஒரு நாள் ஆகுற வரைக்கும் போடாதீங்க. பிச்சிர் ஒரு வாரம் பட்டினி தாங்கும். இன்னைக்கே 30 சதவீதம் தண்ணி மாத்திடுங்க, அடுத்த தண்ணி எப்படி வரும்னு தெரியாது. 20 லிட்டர் கேன் நாலு பிடிச்சு ஹைப்போ போட்டு வைங்க.

யுஎஸ்பி ஏர் பம்ப் ஒண்ணு. பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் அதை ஒரு நாள் ஓட்டும். போன் சார்ஜுக்கு வேற பவர் பேங்க் வெச்சுக்கங்க, இதைத் தொடாதீங்க. மூடியில சந்து அடைச்சிருக்கான்னு திரும்பப் பாருங்க, இருட்டுல பிச்சிர் வெளியே வழி தேடும்.

ரெயின்போ ஒண்ணு செத்தா உடனே எடுங்க. பிச்சிர் சாகாது, ஆனா செத்த மீன் அழுகி ஏத்துற அம்மோனியாவுல அதுக்கும் செவுள் வெந்துடும்.

அடையார் | 15 அக்டோபர் 2024

கரண்ட் வந்ததும் கேனிஸ்டரை அப்படியே போடாதீங்க. நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல நின்னா உள்ளே இருக்கிற தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து நாறும். திறந்து அந்தத் தண்ணியைக் கீழே கொட்டி, மீடியாவை (பாக்டீரியா ஒட்டி வளர்ற ஸ்பான்ஜ், கல்லை) டேங்க் தண்ணியிலேயே லேசா அலசி, அப்புறம் ஓட்டுங்க. மிக்ஜாம் சமயத்துல பல டேங்க்ல கரண்ட் இல்லாதப்போ சாகாத மீன், கரண்ட் வந்த அப்புறம் செத்தது இதனாலதான்.

பெரம்பூர் | 15 அக்டோபர் 2024

இதை எல்லாரும் எழுதி சுவத்துல ஒட்டணும். கூடவே ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒண்ணு எப்பவும் டேங்க்ல ஓடட்டும். மழை நாள்ல அந்த யுஎஸ்பி பம்ப்பை அதுல மாட்டிட்டா காத்தும் கிடைக்கும், பாக்டீரியாவும் உயிரோட இருக்கும். மே மாசம் டேங்குக்கு ஏர் பம்ப்னு எழுதினதை, ஸ்பான்ஜ் ஃபில்டர் மாட்டின ஏர் பம்ப்னே படிச்சுக்குங்க, அதே பம்ப் ரெண்டு வேலை பார்க்கும்.

தாம்பரம் | 2 டிசம்பர் 2024

டிசம்பருக்கு ஹீட்டர் வேணுமா? ரோப் ஃபிஷ் ஒண்ணு சேர்க்கலாமா?

பெரம்பூர் | 2 டிசம்பர் 2024

சென்னையில வீட்டுக்குள்ள டேங்க் 24க்குக் கீழே போறது அபூர்வம், ஹீட்டர் இல்லாமலே ஓடும். வெச்சே ஆகணும்னா பிளாஸ்டிக் கூடு போட்ட ஹீட்டர். இந்த மீன் சூடான கண்ணாடி மேலயே படுத்து வயித்தைப் பொசுக்கிக்கும்.

ரோப் ஃபிஷ் பிச்சிரோட ஒரே குடும்பம், அதை விடச் சாது, அதை விட மோசமான தப்பியோடி. மெலிஞ்ச உடம்பு, மூணு இன்ச் பிச்சிருக்குச் சொன்ன சந்து அளவு அதுக்கு எந்த வயசுலயும் பொருந்தும். உங்க டேங்க்ல இருக்கிற செனகல் பத்து இன்ச்னா குட்டி ரோப் ஃபிஷ்ஷை மண்புழுன்னு நினைச்சு இழுக்கும். ஒரு அடி நீளத்துக்கு மேல கிடைச்சா மட்டும் சேருங்க, அதுவும் ரெண்டா.

வேளச்சேரி | 21 டிசம்பர் 2024

ரெண்டும் ஏழு இன்ச் தாண்டிடுச்சு. ஒண்ணோட அடித்துடுப்பு அகலமா, தடிப்பா இருக்கு, இன்னொண்ணுது குறுகலா கூர்மையா இருக்கு. ஆண், பெண்ணா? முட்டை வைக்குமா?

பெரம்பூர் | 21 டிசம்பர் 2024

வாலுக்கு முன்னாடி அடியில இருக்கிற துடுப்பைத்தானே சொல்றீங்க? அகலமா தடிச்சது ஆண். அதைக் கிண்ணம் மாதிரி குவிச்சு முட்டையை வாங்கும். இன்னும் சின்னது, அடுத்த மழைக்காலம் வரைக்கும் பொறுங்க. தண்ணி மாத்தின நாள்ல ஆண் பெண் பக்கத்துலயே ஒட்டி நெளிஞ்சா அடையாளம். முட்டை செடியிலயும் நார்லயும் ஒட்டிக்கும். அதே டேங்க்ல விட்டா ரெயின்போ காலைக்குள்ள காலி பண்ணிடும். அதனால பச்சை நூல்ல நாலு கத்தை கட்டி மூலையில தொங்க விடுங்க, முட்டை தெரிஞ்சா கத்தையோட எடுத்து, அதே தண்ணி ஊத்தின இருபது லிட்டர் தொட்டியில, ஸ்பான்ஜ் ஃபில்டரோட. வெள்ளையான முட்டையை தினம் பொறுக்கி எடுக்கணும். மூணு நாலு நாள்ல பொரியும், மஞ்சள் கரு கரைஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் எறால் குஞ்சு) தீனி. ஒரே அளவா பிரிச்சு வைங்க, குட்டியிலேயே ஒண்ணை ஒண்ணு திங்கும்.

அந்தக் கௌராமி மூணுல சின்னது எவ்வளவு இருக்கு? ரெண்டரை இன்ச்சுக்குக் கீழேன்னா இந்த வாரமே வேற டேங்குக்கு மாத்திடுங்க.